ஆப்பிள் கூழ்

கன்சாஸில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில், மாத்திரை கொடுக்க எனக்குப் பயிற்சி தந்தவள் நர்ஸ் மார்லா. வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவாள்: "வேண்டாம்னு சொன்னா விட்டுடணும். அது அவங்க உரிமை!" ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு நாள் காலை வெல்மா அம்மாள் மாத்திரை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

"சரி, வெறும் வயிறா இருக்காங்க. இதையாவது ஊட்டு" என்று மார்லா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். ஆப்பிள் கூழ். வெல்மாவுக்கு அதென்றால் உயிர். ஆசையாக வாயைத் திறந்தவள், முதல் கரண்டியிலேயே முகம் சுளித்தாள். விழுங்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் மார்லாவிடம் ஓடினேன். "மாத்திரையைப் பொடிச்சுக் கலந்தீங்களா? வகுப்புல வேற சொன்னீங்களே!"

"அது பரீட்சைக்குடி. உன்னை நம்பித்தானே வாயைத் திறந்தாங்க? என்னைக் கண்டா துப்புவாங்க."

பரீட்சையில், மாத்திரை வேண்டாமென்றால் என்ன செய்வாய் என்ற கேள்வியே வந்தது. விட்டுவிடுவேன் என்று எழுதினேன். முழு மதிப்பெண். சான்றிதழ் வந்த அன்று மார்லாவே கேக் வெட்டிக் கைதட்டினாள். ஒரு துண்டை வெல்மாவிடம் கொண்டுபோனேன்.

வாங்கவில்லை. "இதுல என்னத்தடி கலந்திருக்கே?" என்றாள்.