செல்லாதவை முப்பத்தெட்டு

மேல்கொல்லைப் பெண்கள் நாற்பது பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கக் கோகிலவாணிக்கு ஏழு மாதம் ஆயிற்று. அவர்களில் பெரும்பாலோரை ஊராட்சித் தேர்தலில் ரஞ்சிதத்தின் பக்கம் திருப்ப ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

"யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது."

அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே பேச்சு தொண்டையில் நின்றுவிடும் சுபாவம். பன்னிரண்டாவது முடித்து, கண்ணமங்கலத்தில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருஷம் நின்று, வாடிக்கையாளரிடம் வாய் திறக்காத குறைக்காக அனுப்பப்பட்டு மலைக்குத் திரும்பியவள். எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது ஊரில் படித்த பெண் வேறு யாரும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் மட்டும் அவளுக்குப் பேச்சு வந்தது.

ஊராட்சித் தலைவர் சிங்காரம். இருபது வருஷமாக அவர்தான். நடுவில் ஒரு தடவை பதவி பெண்களுக்கு என்று ஆனபோது போர்டில் அவர் மனைவி பெயர் இருந்தது, நாற்காலியில் அவர் இருந்தார். மேல்கொல்லைக்காரர்களின் நூறு நாள் வேலை அட்டைகள் கீழ்கொல்லையில் அவர் வீட்டு பீரோவுக்குள் கிடந்தன. வேலை வேண்டுமென்றால் இறங்கிப்போய் அவர் வாசலில் நிற்க வேண்டும். பிடித்தவர்களுக்கு எண்பது நாள், பிடிக்காதவர்களுக்குப் பத்து நாள். சாமை அறுத்து முடிந்து புளி உலுக்கத் தொடங்கும் வரை மேல்கொல்லையில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான்.

ரஞ்சிதம் அவரை எதிர்த்து நின்றாள். ஜமுனாமரத்தூர் சந்தையில் புளியும் தேனும் விற்பவள். அதிகாரியென்றாலும் சத்தம் போட்டுப் பேசுவாள். "ஜெயிச்ச மறுநாளு பீரோவத் தொறந்து அவங்கவங்க அட்டைய அவங்கவங்க வூட்டுல குடுப்பேன்" என்று சொன்னாள். வேறு எதையும் அவள் சொல்லவில்லை. அது போதும் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது.

ரஞ்சிதத்துக்கு ஆட்டோ சின்னம் கிடைத்தது. சிங்காரத்தின் அண்ணன் மகன் இளவரசன் பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"இன்னா அத்த, நம்ம மலைக்கு ஆட்டோ ஏறுமா?"

"ஏறாத மாதிரி இருவது வருசமா ரோடு போட்டது ஒங்க சித்தப்பன்தானே ராசா. அவரையே கேளு."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். இளவரசனும் சிரித்தான். அவன் கண் மட்டும் யார் யார் சிரிக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு கோகிலவாணி வகுப்பில் ஓட்டுப் போடப் பழக்கினாள். நோட்டுத் தாளில் கட்டம் போட்டு, ஒன்றில் சிங்காரத்தின் பூட்டுச்சாவி, ஒன்றில் ஆட்டோ வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். வெண்டைக்காயை வெட்டி மையில் தோய்த்து முத்திரை. இப்படிக் குத்த வேண்டும், கோட்டில் படக் கூடாது, இப்படி மடிக்க வேண்டும். வகுப்பில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் கீழே பெயர் எழுதித் திருப்பித் தருவது வழக்கம். அன்றும் எழுதித் தந்தார்கள். பெயரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் திருத்தினாள்.

"மங்கம்மா அக்கா, கோட்டு மேல குத்தியிருக்கீங்க. இது செல்லாது."

"அய்யய்யோ. இன்னொரு சீட்டு குடு கோகிலா. சரியா குத்துறேன்."

எல்லோருக்கும் சரியாக வரும்வரை விடவில்லை. ஒரு தாள்கூட வீணாகவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. எந்த அரசாங்கக் காகிதம் என்றாலும் கைநாட்டு வைக்காதீர்கள், பெயரை எழுதுங்கள் என்று ஏழு மாதமாகச் சொன்னதை அன்றும் ஒரு தடவை சொன்னாள். ஆளுக்கொரு நீலப் பேனா கொடுத்திருந்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவர்கள் விறகுக்குக்கூடப் போனார்கள்.

ஓட்டு நாளன்று நாற்பது பேரும் குளித்து, நல்ல புடவை கட்டி, ஒன்றாக இறங்கிப்போய் வரிசையில் நின்றார்கள். கோகிலவாணி சாவடிக்கு வெளியே தூரத்தில் காத்திருந்தாள். மங்கம்மாள்தான் முதலில் வந்தாள். முகம் மின்னியது.

"எழுத்து கோணவே இல்ல கோகிலா."

வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்து அவள் தலையாட்டினாள். அம்மா திரௌபதி கடைசியாக வந்தாள். மகளைப் பார்க்காமல் நடந்தாள்.

ஜமுனாமரத்தூரில் எண்ணினார்கள். ரஞ்சிதத்தின் முகவராகக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கோகிலவாணி நின்றாள். பக்கத்தில் சிங்காரத்தின் முகவராக இளவரசன். இளஞ்சிவப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த அலுவலர் ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"யாருங்க இந்த மங்கம்மாள்?"

ஆட்டோவின் மேல் முத்திரை கச்சிதமாக விழுந்திருந்தது. ஒரு கோடும் தொடவில்லை. அதன் கீழே நீல மையில், கோணாமல், பெயர்.

"செல்லாது" என்றார் அலுவலர். தனியாக வைத்தார்.

அடுத்த சீட்டு, அதற்கடுத்தது. கோகிலவாணிக்குப் பெயர்களைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தின் சாய்வே போதும். இது சுழியை உடைப்பவள். இது புள்ளியை வட்டமாகப் போடுபவள். ஒவ்வொரு கையையும் அவள் தன் கையால் பிடித்து எழுதவைத்திருந்தாள்.

"சார்" என்றாள். குரல் வலையைத் தாண்டவில்லை. மறுபடி, "சார். முத்திர சரியாத்தானே இருக்குது."

"ஓட்டுப் போட்டவங்க யாருன்னு காட்டற மாதிரி எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாதும்மா. சட்டம். யாரு இவங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

அவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், கொஞ்சம் மெதுவா காட்டுங்க" என்றான் இளவரசன். எண்ணிக்கை குறிக்கக் கொடுத்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான். "ஒரு பேரு வுட்டுப் போச்சு."

முப்பத்தேழு சீட்டு. எல்லாம் ஆட்டோ.

முப்பத்தெட்டாவது பூட்டுச்சாவி. அதன் கீழே, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், திரௌபதி. இனிஷியலோடு. அந்த இனிஷியலை ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து அவள்தான் அம்மாவுக்குப் பழக்கியிருந்தாள்.

இளவரசன் திரும்பி அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. மரியாதையாகப் பார்த்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

சிங்காரம் நானூற்று நாற்பத்தொன்று, ரஞ்சிதம் நானூற்று இருபத்திரண்டு. செல்லாதவை முப்பத்தெட்டு.

வெளியே ரஞ்சிதம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சேதி முன்பே போய்விட்டது. அவள் சத்தம் போடவில்லை.

"ஒங்க ஆத்தா பேரு அந்தப் பக்கம் வந்துச்சாமே."

"அத்த, எனக்குத் தெரியாது."

"முப்பத்தேழு பேரு நாக்கையும் அறுத்து அவரு கையில குடுத்துட்டு, ஒங்க வூட்டுப் பேர மட்டும் பத்திரமா வெச்சிருக்கீங்க. எவ்ளோ குடுத்தாரு?"

"அத்த..."

"அத்தன்னு கூப்புடாத."

ரஞ்சிதம் மேல்கொல்லைக்குப் போகும் வேனில் ஏறிக்கொண்டாள். உள்ளே மங்கம்மாளும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். இடம் இருந்தது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை. கோகிலவாணி அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். அது இரண்டரை மணி நேரம் கழித்து வந்தது.

வீட்டில் அம்மா சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?"

திரௌபதி கஞ்சியை முழுக்க வடிய விட்டுப் பானையை நிமிர்த்தினாள். "ஒங்கத்த ஜெயிச்சா ஒன்னால எனக்கு வேல. அவரு ஜெயிச்சா என்னால ஒனக்கு சோறு. ஒரே பக்கம் ரெண்டு பேரும் போய் நிக்கச் சொல்றியா? ஒங்கப்பன் அப்பிடித்தான் நின்னான், அந்த வருசம் ஒரு நாளு வேல கெடைக்கல."

"சரி, போட்ட. பேரு எதுக்கும்மா எழுதுன?"

அம்மா அவளை அப்பாவியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எழுதலன்னா நான் போட்டது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

கோகிலவாணி சாப்பிடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தாள். தெரியாமல் நடந்தது, அந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், பேர் எழுதக் கூடாது என்று எனக்கே தோன்றவில்லை. மங்கம்மாள் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே பேச்சுக் கேட்டது.

"அதுவா பேசுச்சு? ஊமக்கோட்டான் மாதிரி இருந்துட்டு, ஏழு மாசம் ஒக்காந்து கண்ணி பின்னிச்சு."

"இனிஷியலு எனக்குச் சொல்லித் தரல பாரு. ஆத்தாளுக்கு மட்டும்."

அவள் கதவைத் தட்டவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு யாரும் வரவில்லை. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டினாள்.

பொறுப்பேற்று ஒரு மாதம் கழித்துச் சிங்காரம் ஓடை தூர்வாரும் வேலையை ஆரம்பித்தார். அவரே வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கீழ்கொல்லை ஆட்கள் மண்வெட்டியோடு வரிசையில் நின்றார்கள், அவர்களோடு திரௌபதி. ஓடைக்கு மேலே மேல்கொல்லைப் பெண்களும் வந்து நின்றார்கள். கூடையும் மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவேளை என்று நினைத்திருப்பார்கள்.

"வாங்கம்மா வாங்க" என்றார் சிங்காரம். "எனக்கு யாரு மேலயும் கோவம் கெடையாது. யாரு யாருன்னு தெரியலியேன்னுதான் இருவது வருசமா கொற. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. அழகான கையெழுத்து. இளவரசா, நல்லா இருந்துச்சில்ல?"

"சூப்பரா இருந்துச்சு சித்தப்பா."

கீழ்கொல்லை வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"இவ்ளோ படிச்சவங்கள மண்ணு வெட்டச் சொல்றது பாவம். நீங்க வூட்டுல ஒக்காந்து எழுதுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்." அவர் கோகிலவாணியிடம் திரும்பினார். "டீச்சரம்மா, இங்க வா. நீ செஞ்சத இந்த ஊர்ல எவனும் செஞ்சதில்ல. அதுக்கு நான் எதுனா செய்யணும்ல. இன்னிலேர்ந்து இந்த வேலைக்கு நீதான் பொறுப்பாளரு. காலைல ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ, ஆப்புல ஏத்தணும். ஒங்க அம்மா ஒனக்காகக் கேட்டுச்சு."

போனை நீட்டினார். கோகிலவாணி கையை நீட்டவில்லை.

வரிசையில் நின்ற திரௌபதி அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை. எண்பது நாள் இருந்தது.

"வேணாம்னா சொல்லும்மா" என்றார் சிங்காரம் அன்பாக. "ரெண்டு பேருக்கும் வேணாம்னு வெச்சுக்கறேன்."

அவள் போனை வாங்கினாள்.

ஆப் திறந்தது. ஆட்கள் எல்லோரும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். வேலைக்குப் பதியாதவர் முகம் விழுந்தால் கணக்கில் இடிக்கும், படத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று இளவரசன் பக்கத்தில் நின்று விளக்கினான். அவள் தூக்கிப் பிடித்தாள். திரையில் வரிசை தெரிந்தது, அம்மா தெரிந்தாள், அவர்களுக்குப் பின்னால் ஓடைக்கரை மேட்டில் மங்கம்மாளும் மற்றவர்களும் தெரிந்தார்கள். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அப்போதும் தெரிந்தார்கள். உட்கார்ந்து பார்த்தாள்.

"தள்ளி நிக்கச் சொல்லு டீச்சரம்மா" என்றார் சிங்காரம். "நேரமாவுது."

"படத்துல விழுறீங்க" என்றாள் கோகிலவாணி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

யாரும் நகரவில்லை. பிறகு மங்கம்மாள் கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"எவ்ளோ தூரம் தள்ளணும் டீச்சர்?"

கோகிலவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டினாள். அவர்கள் பின்னால் போனார்கள். கடைசியில் ஒரு தலை மட்டும் இன்னும் ஓரத்தில் தெரிந்தது. அவள் மறுபடி கையைக் காட்டினாள்.