தங்கச்சிக்குச் சுட்ட விலா

சிறுநீரகத்தையே கொடுத்தவள் ஒரு நன்றியை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால், மனுஷன் என்னதான் செய்வான்? ஒன்றரை வருஷமாக ஷியாம் தன் தங்கச்சி ஷெரோமியிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பார்க்கிறான். வாயெடுத்தாலே, "ஆரம்பிச்சிட்டீங்களா? வேற பேச்சு பேசுங்கண்ணே" என்று வெட்டிவிடுவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான், பூசை முடிந்து கோவில் வாசலில் கண்டாலும் அப்படித்தான். சரியான பிடிவாதக்காரி.

சரி, சமைத்துப் போட்டாவது சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தான். பன்றி விலா எலும்பென்றால் ஷெரோமிக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை இராச் சாப்பாட்டுக்கு வஹகோட்டையிலிருந்து இரத்தோட்டையில் தன் வீட்டுக்கு வரச் சொன்னான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவனுக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டு மேசையில் இரண்டு சட்டி. சின்னது அவனுக்கு, பெரியது மனைவி தர்ஷிகாவுக்கும் மகளுக்கும். சப்பென்ற சோற்றைப் பிசைந்துகொண்டே பெரிய சட்டியை ஏக்கமாகப் பார்ப்பான். சில நாள் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நீங்க ருசியா அடிங்க, நான் மண்ணத் திங்கிறேன்" என்பான். தர்ஷிகா வாயே திறக்கமாட்டாள்.

அதனால் சனிக்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டான். "எனக்காகப் பாக்காத. ஒங்க சட்டிக்கு எப்பிடிப் போடுவியோ அப்பிடியே போட்டு எறச்சியப் பெரட்டி வையி."

"சரிங்க" என்றாள் அவளும்.

மறுநாள் பின்னேரம், பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாயில் சிரட்டைக் கரியை மூட்டி, மேலே கம்பி வலையைப் போட்டான். அன்னாசியை அரைத்து, தித்திப்பான கித்துள் பாணியும் மிளகும் கறுவாவும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சியிருந்தான். எலுமிச்சைப் புல் தண்டை நசுக்கி, அதாலேயே தொட்டுத் தொட்டுப் பூசினான். கொழுப்பு உருகிக் கரியில் விழுந்து சீறியது. புகையில் கண் எரிந்தாலும் ஆசாமி நகரவில்லை. விலா பழுப்பேறிப் பளபளத்தது. தங்கச்சி வாயில் படுமுன் யாரும் ருசி பார்க்கக்கூடாது என்று சட்டம் வேறு போட்டிருந்தான்.

செபம் சொல்லி எல்லோரும் உட்கார்ந்தார்கள். இருந்ததிலேயே பெரிய துண்டை ஷெரோமியின் தட்டில் வைத்தான். 'நீ இல்லாட்டி நான் இல்ல' என்ற வசனம் தொண்டைவரை வந்து நின்றது.

ஷெரோமி கடித்தாள். மென்றாள். இன்னும் மென்றாள்.

"நல்லா வெந்திருக்குண்ணே."

"வெந்தது கெடக்கட்டும். ருசி எப்பிடி?"

அதற்குள் மகள் ஒரு எலும்பையே முடித்திருந்தாள். "சூப்பர்ப்பா!"

"உப்பு மட்டும் கொஞ்சம் கொண்டாங்க அண்ணி" என்றாள் ஷெரோமி மெதுவாக.

தர்ஷிகா தலையில் கை வைத்தாள். "ஐயையோ! கை பழகிப்போச்சி, நெனப்பே வரல."

ஷியாம் எழுந்து அடுப்படிக்குப் போனான். உப்புப் போத்தலில் கராம்பு இருந்தது. ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்தான். "உப்ப எங்க வச்சிருக்க?"

"நம்ம வீட்ல ஏதுப்பா உப்பு?" என்றாள் மகள். "அம்மாதான் வாங்குறதே இல்லியே."

அவன் திரும்பி வந்து மேசையருகே நின்றான். "அப்ப அந்தப் பெரிய சட்டி?"

தர்ஷிகா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "ரெண்டும் ஒரே கறிதாங்க. தனித்தனியா ஆக்கி, அவசரத்துல சட்டி மாறிட்டா என்னா செய்யிறது? பயம். நாங்களும் சப்புன்னு சாப்பிடுறது தெரிஞ்சா நீங்க மனசு ஒடைஞ்சி போவீங்கன்னுதான் பிரிச்சி வச்சேன்."

ஷியாம் தன் இடத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாள் இவர்களும் அதே மண்ணைத்தான் தின்றிருக்கிறார்கள், தன் ஏச்சையும் சேர்த்துத் தின்றிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மூடிக்கொண்டு, இப்படிப்பட்டவர்கள் தனக்கு வாய்த்தார்களே என்ற நன்றி பொங்கி வந்தது.

பக்கத்து வீட்டில் உப்பு வாங்க மகள் எழுந்தாள். ஷெரோமி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வெளக்கு வச்ச பெறகு பாலாமணி அக்கா உப்புத் தரமாட்டாங்க. இன்னிக்கி நானும் இப்பிடியே சாப்பிடுறேன்."

பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நான் மயக்க ஊசி போட்டுக்கிட்டுப் படுத்தேன், எந்திரிச்சேன், அம்புட்டுத்தான். அண்ணி மூணு வேளையும் முழிச்சிக்கிட்டே செஞ்சிருக்காங்க. எனக்குன்னு வச்சிருக்க பேச்ச அங்க பேசுங்க."

"தர்ஷி," என்றான் ஷியாம். தயார் பண்ணி வைத்த வசனமெல்லாம் எங்கோ போய்விட்டது. "நான் உசிரோட ஒக்காந்து சாப்பிடுறேன்னா அது ஒங்க மூணு பேராலதான். ரொம்ப நன்றி."

தர்ஷிகாவின் கண்கள் பொலபொலவென்று கொட்டின. ஷெரோமி சட்டென்று அண்ணனின் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அங்கிட்டுத் திரும்பி அழுங்க அண்ணி. கண்ணீருல உப்பு இருக்கு, அண்ணனுக்கு ஆகாது."

சொல்லிவிட்டு, தன் தட்டுக்கு நேரே குனிந்து அவளும் அழுதாள்.