எட்டு இன்ச் போதும்

பொறாமைக்காரன் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வராது. மாம்பழச்சாலையில் ரோசரி என்ற பெண் கார் ஆடியோ கடை போட்ட நாளிலிருந்து எனக்கு இருப்பது அசல் பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மெழுக எனக்கு இஷ்டமில்லை.

என் பெயர் காத்தமுத்து. மன்னார்புரத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும், எந்த ஸ்பீக்கர் ஒழுங்காகப் பாடுகிறது, எது இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன். திருச்சியில் யார் எந்தக் கடையில் செட் போட்டாலும் கடைசியில் என்னிடம் கொண்டுவந்து ஒரு தடவை கேட்கச் சொல்வார்கள். நான் தலையாட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். அந்த மரியாதைக்காகத்தான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன். சோறு தண்ணி எல்லாம் அதற்கப்புறம்.

ரோசரிக்கு முப்பது வயது இருக்கும். சென்னையில் ஏதோ ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இருந்துவிட்டு வந்தவளாம். கடை திறந்த வாரம் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு என்னைப் பார்க்க வந்தாள். "உங்க ஆசீர்வாதம் வேணும்ணே" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் ஸ்ரீரங்கத்து வண்டிகள் அவளிடம் போயின. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, தொலையட்டும் என்று விட்டேன். அப்புறம் பாலத்துக்கு இந்தப் பக்கத்து வண்டிகளும் போக ஆரம்பித்தன. கேட்டால், "சின்ன டிக்கின்னா அந்தக்கா அளந்து போடறாங்கண்ணே" என்கிறார்கள். அளந்து போடுகிறாளாம்! அப்படியென்றால் இத்தனை வருடம் நான் என்ன, குருட்டாம்போக்கில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேனா?

எல்லாரும் போகட்டும். சரத்குமார் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லால்குடிக்காரன், கால் டாக்ஸி ஓட்டுகிறான். அவனுடைய முதல் வண்டி, இரண்டாவது வண்டி இரண்டும் என் கைப்பட்டவை. மூன்றாவதாக ஒரு சின்ன சிஎன்ஜி கார் வாங்கினான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ரோசரியிடம் கனத்த பேஸ் சத்தத்துக்கான சப் வூஃபர் போட்டுக்கொண்டான். பாவிப் பயல்.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வண்டியோடு வந்து நின்றான். "ஹாரன் கொஞ்சம் கம்முதுண்ணே" என்றான். ஹாரனைப் பார்க்கிறவன் டிக்கியை ஏன் திறக்க வேண்டும்? நான் திறந்தேன்.

டிக்கியில் முக்கால்வாசி இடத்தை கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சந்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பார்த்தவுடனே தெரிந்தது, உள்ளே அரைக் கன அடிக்கு மேல் இடம் இருக்காது. சிலிண்டரின் வளைவுக்கு ஏற்றபடி ஒரு பக்கப் பலகையைச் சாய்த்து வெட்டியிருந்தாள். முன்பக்கம் ஒரே ஒரு எட்டு இன்ச் வூஃபர். ஒரு திருகாணித் தலைகூட வெளியே துருத்தவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் சிக்கவில்லை.

"போடுடா, கேப்போம்" என்று முன் சீட்டில் உட்கார்ந்தேன். கோயில் புறப்பாட்டில் எடுத்த ஒரு தவில் பதிவைப் போட்டான். கையடி தனியாக, கோலடி தனியாக விழுந்தன. ஒன்று விழுந்து அடங்கிய பிறகுதான் அடுத்தது வந்தது. வூஃபர் பின்னால் இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. தவில்காரர் எதிரிலேயே உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது.

பெட்டி சின்னது, அதனால் சின்ன வூஃபர் என்று எடுத்து மாட்டிவிட்டால் இந்தச் சத்தம் வராது. எட்டு இன்ச்சிலேயே சிலது பெரிய பெட்டிதான் கேட்கும். வூஃபரின் கூம்பு, அதாவது கோன், உள்ளே போகும்போது பின்னால் அடைபட்ட காற்று அதை எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறுக்கச் சிறுக்க அந்தத் தள்ளல் கூடும். அதைத் தாங்கி, அதையே துணையாக வைத்துக்கொள்கிற வூஃபராகத் தேடி எடுக்க வேண்டும். வூஃபருக்குப் பின்னால் காந்தம் அடைக்கிற இடத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் பார்த்திருந்தாள் அந்தப் பெண். நானாக இருந்தால் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிந்துபோனதுதான் பெரிய எரிச்சல்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான் சரத்குமார். நான் பதில் சொல்வதற்குள் அவனே இழுத்தான். "ஸ்டாண்டுல பசங்க கிண்டல் பண்றானுங்கண்ணே. கண்ணாடிகூட அதிரலியேடா, இதெல்லாம் ஒரு பேஸான்னு."

ஆஹா, சிக்கினாளா!

"எட்டு இன்ச்சாடா வெச்சிருக்கா? பொம்மைக் காருக்கு வெக்கிறதுடா இது."

"அக்கா எட்டு இன்ச் போதும்னாங்கண்ணே."

"அது சொல்லும். என்கிட்ட பத்து இன்ச் இருக்கு. இதே பெட்டியில வெச்சுத் தரேன். அப்பறம் பாரு."

பெட்டியை வெளியே எடுத்தேன். அவளுடைய எட்டு இன்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்தேன். உள்ளே தலையணைப் பஞ்சு அடைத்திருந்தாள். சின்னப் பெட்டி கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரி நடந்துகொள்வதற்காகச் செய்கிற வேலை அது. பத்து இன்ச்சுக்கு இடம் போதவில்லை என்று பஞ்சை முழுக்கப் பிடுங்கிப் போட்டேன். ஜிக்சா ரம்பத்தால் ஓட்டையைப் பெரிதாக்கினேன். அந்தப் பெரிய காந்தம் பின்பலகையைத் தொடுகிற மாதிரி போய் உட்கார்ந்தது. அத்தனூண்டு காற்றில் அந்தக் கோன் மூச்சுத் திணறும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மாட்டிவிட்டு அதே தவிலைப் போட்டேன். 'பொம்' என்றது. கையடிக்கும் பொம், கோலடிக்கும் பொம். சினிமாப் பாட்டு மாற்றினேன், அதற்கும் அதே பொம். கண்ணாடி அதிர்ந்தது, நம்பர் பிளேட் தடதடத்தது. கேட்கச் சகிக்கவில்லை.

சரத்குமார் துள்ளிக் குதித்தான். "அய்யோ அண்ணே! இதுதாண்ணே சவுண்டு!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரோசரியின் மூக்கை உடைத்தாயிற்று.

"இருங்கண்ணே, அக்காகிட்ட சொல்லிடறேன்" என்று போனை எடுத்தான்.

"அவகிட்ட என்னத்துக்குடா?"

"அவங்கதாண்ணே என்னை இங்க அனுப்புனதே. ஒரு மாசம் ஓட்டிட்டு, காத்தமுத்து அண்ணன்கிட்ட காட்டு, அவர் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதின்னாங்க. வேற கடையில போட்டதை உங்ககிட்ட காட்டக் கூச்சமா இருந்துச்சு. அதான் ஹாரன்னு சொன்னேன்."

போனை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் போன் ஸ்பீக்கரில் ரோசரியின் குரல் வந்துவிட்டது.

"அண்ணே, வணக்கம்ணே. கேட்டீங்களா? திட்டறதுன்னா திட்டிடுங்கண்ணே, கேட்டுக்கறேன்."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "எட்டு பத்தாதும்மா. பத்து இன்ச் மாட்டிட்டேன்."

"அரைக் கன அடிக்குப் பத்து இன்ச்சாண்ணே? நான் போட்ட கணக்குல வரலியே" என்றாள். பிறகு அவளே, "சரிண்ணே. நீங்க கேட்டுட்டுச் சொல்றீங்க, அதுக்கு மேல என்ன இருக்கு. இதே மாதிரி இன்னும் மூணு வண்டிக்குப் போட்டிருக்கேன். கூப்பிட்டு மாத்திடறேன். எனக்கு எட்டுல தவில் அவ்வளவு நல்லா கேட்டுச்சுண்ணே. என் காதுலதான் ஏதோ கோளாறு போல" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. இந்தத் தொழிலில் ஒருத்தருக்குத் தன் காது மேல் சந்தேகம் வந்துவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

"மாத்தாதே!" என்று கத்தினேன். சரத்குமார் திடுக்கிட்டுப் பார்த்தான். "ஒண்ணையும் மாத்தாதே. உன் காதுல ஒரு கோளாறும் இல்ல. உன் பெட்டி சரியாத்தான் இருந்துச்சு. கையடி வேற, கோலடி வேறன்னு எனக்கும் கேட்டுச்சு. இந்த ஊர்ல இவ்வளவு சின்னப் பெட்டியில நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்ல."

"அப்பறம் ஏண்ணே மாத்துனீங்க?"

"பொறாமைம்மா. பொறுக்கல எனக்கு. நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன்."

"அந்த எட்டு இன்ச் பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள். இந்தத் தடவை அண்ணே இல்லை.

"இருக்கும்மா."

"எடுத்து வைங்க. ஆள் அனுப்பறேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நான் சரத்குமாரிடம் திரும்பினேன். "வண்டியை உள்ள விடுடா. அவ ஆள் வர்றதுக்குள்ள புதுப் பலகை அடிச்சு அந்த எட்டையே மறுபடி மாட்டித் தரேன்."

"போங்கண்ணே! நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்கன்னே எனக்குப் புரியல. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"அது தப்பான சத்தம்டா. சொன்னா கேளு." அவன் கையைப் பிடித்துக்கூடப் பார்த்தேன்.

"யாரு கேட்டாலும் நீங்க போட்டதுன்னுதாண்ணே சொல்வேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான். சிக்னல் தாண்டும் வரைக்கும் அந்தப் பொம் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். "சரத் வண்டியில போட்ட மாதிரியே எங்களுக்கும் போட்டுக் குடுங்கண்ணே" என்றார்கள். சின்னப் பெட்டி வேண்டுமென்றால் மாம்பழச்சாலைக்குப் போங்கள், ரோசரி என்று ஒரு பெண் இருக்கிறாள், என்னைவிட நன்றாகச் செய்வாள் என்று சொன்னேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பார்றா, அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றான் ஒருத்தன்.