சாம்பிள் கொண்டு வாங்க

எங்கள் ஊரில் எதை வாங்கப் போனாலும் சாம்பிள் கொண்டுபோக வேண்டும். பைப் வாஷருக்குப் பழைய வாஷர். சட்டைப் பொத்தானுக்கு அறுந்து விழாமல் மிஞ்சிய பொத்தான். உழவு மெஷினின் ஆணிக்கு வளைந்துபோன அதே ஆணி. கல்முனை பஸாரில் எந்தக் கடைக்காரரும் “என்ன அளவு” என்று கேட்பதில்லை. “சாம்பிள் கொண்டந்தயா” என்றுதான் கேட்பார். என் வாப்பா ஒருமுறை கண்ணாடி மாற்றுவதற்காக ஜன்னலையே நிலையோடு கழற்றி ஓட்டோவில் ஏற்றிப் போனார். மாப்பிள்ளை பார்க்கும் விசயத்தில் மட்டும் இந்த நடைமுறை இல்லை. அதன் விளைவை ஊர் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே அந்த வியாழக்கிழமை நான் செய்தது ஒழுங்கான காரியம் என்பதே இன்றைக்கும் என் நிலைப்பாடு.

என் தங்கை ஸம்றா அபாயா அங்கிகளுக்குப் பூவேலை வரைபவள். துணியில் அல்ல, கணினியில். எந்தத் தையல் எங்கே விழ வேண்டும், எங்கே நூல் அறுபட வேண்டும் என்று அவள் குறித்து அனுப்பினால், அதைப் பார்த்து எங்கோ ஒரு மெஷின் தைத்துக்கொள்ளும். ஒரு கைக்கு மட்டும் நாற்பதாயிரம் தையல் வரும். அக்கரைப்பற்றில் அபாயாக் கடை வைத்திருக்கும் ஹப்ஸா என்பவர் அவளைச் சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு டிசைன்கள் கொடுத்திருந்தார். வியாழன் பொழுது சாயும் மஹ்ரிப் பாங்குக்கு முன் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தால் ஹஜ்ஜுப் பெருநாள் வேலை முழுவதும் ஸம்றாவுக்கு. சேராவிட்டால் கொழும்பில் வேறு ஆள் தயார்.

வியாழன் காலைக்குள் ஒன்பது டிசைன்கள் முடிந்திருந்தன. மிச்சம் மூன்று. மூன்றும் பெரியவை. எங்கள் வீட்டுக் கணினியில் நாலு ஜிபி ரேம்தான் இருந்தது. ஸம்றா ஒரு பூவை நகர்த்திவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவி வந்தால், அப்போதுதான் பூ புறப்பட்டிருக்கும்.

“எட்டு ஜிபி ஒண்டு வாங்கிப் போட்டா பறக்கும்,” என்றேன்.

“இண்டைக்கு ஒண்டும் செய்ய வாணாம் காக்கா,” என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணன்தான் காக்கா. “மெதுவா ஓடுது, ஆனா ஓடுது. கையையும் கழுத்தையும் வேற வேறயாப் பிரிச்சி வரையப் போறன். பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகு கொஞ்சத்துல முடிஞ்சிரும்.”

“பத்து நிமிச வேல.”

“நாளைக்குச் செய்ங்க. நாளண்டைக்குச் செய்ங்க. எண்ட மவுத்துக்குப் பொறகு செய்ங்க. இண்டைக்கு மட்டும் வாணாம்.”

நான் கெம்பஸில் தகவல் தொழில்நுட்பம் இரண்டாம் வருடம். கணினி நினைவகம் பற்றி ஐந்து விரிவுரைகள் கேட்டு, ஒரு பரீட்சையும் எழுதி, நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறேன். ரேமைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் இது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு டீவி பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு “வோல்டேஜ்” என்று சொல்லிவிட்டு வருவேன். இப்படிப்பட்ட மரியாதையைச் சும்மா உட்கார்ந்து காப்பாற்ற முடியாது. பத்து மணிக்கு ஸம்றா குளிக்கப் போனாள். நான் திருப்புளியை எடுத்தேன்.

கணினியை அணைத்து, கடற்காற்றில் துருப்பிடித்த இரண்டு ஆணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். ஒன்று காலி. மற்றதில் ஒரு பச்சைத் தகடு நின்றது, ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதை மெல்லப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன். வெளியே மோட்டார் சைக்கிளோடு றஸ்மி நின்றான். கூட்டாளி. அவனுக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவன் சந்தேகமே படுவதில்லை.

முதலில் பஸாரில் நஸீம் நானாவின் கடை. அவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இது டிடிஆர் த்ரீ. பழசு. எங்கிட கடையில எல்லாம் டிடிஆர் ஃபோர்.”

“ஃபோர் இன்னும் நல்லம்தானே?”

அவர் புதிய தகடொன்றை எடுத்துப் பழையதன் மேல் வைத்துக் காட்டினார். நீளம் ஒன்றுதான். ஆனால் அடியில் இருக்கும் சின்ன வெட்டு ஒரு நகத்தளவு தள்ளியிருந்தது.

“போகாது. அமத்தினா ஒடையும். ஃபோர் போடணும் எண்டா மதர்போட் மாத்தணும். போட் மாத்தினா புரொசசர் மாத்தணும். அது ரெண்டும் மாத்தினா பவர் சப்ளை தாங்காது.”

“அப்ப ஒண்டும் மிஞ்சாதே நானா.”

“மவுஸ் மிஞ்சும்,” என்றார் அவர், சிரிக்காமல்.

கடைப் படியில் இறங்கும்போது போன் அடித்தது.

“காக்கா, மெஷின் கத்துது. ஸ்கிரீன் வருதில்ல.”

“ஓம். ரேம் எண்ட சட்டப் பக்கெட்டுல இரிக்கி. சாம்பிளுக்கு.”

ஸம்றா ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எத்தின மணிக்கு வருவீங்க?”

“பத்து நிமிசம்.”

உடனே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பினால் வெறுங்கையோடு போக வேண்டும். கழற்றியதையே திருப்பி மாட்டிவிட்டு, கழற்றியதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். காரணம் என்னிடம் இல்லை. அதனால் றஸ்மியின் பின்னால் ஏறி நற்பிட்டிமுனைக்கு விடச் சொன்னேன். அங்கே அவனுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறாராம். இருந்தார். நெல் பரப்பியிருந்த தெருவின் ஓரத்தில் மேசை போட்டுப் போன் திருத்திக்கொண்டிருந்தார். டிடிஆர் த்ரீ என்றதும் லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தந்தார். என் சாம்பிளில் சரியாகப் பாதி நீளம் இருந்தது.

“இது லெப்டொப்புக்குரியது,” என்றேன். ஐந்து விரிவுரைகளும் முதன்முதலாகப் பயன்பட்ட இடம் அது.

“ரெண்டு பள்ளமும் பக்கத்தில பக்கத்திலதானே கிடக்கு. ரெண்டு வாங்கிப் போடுங்க,” என்றார்.

றஸ்மிக்கு அது நியாயமாகப் பட்டது. அவனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பகல் ஒரு மணி. சாய்ந்தமருதில் ஒரு ஹோட்டலில் எண்ணெய் வடியும் ரோல்ஸ் சாப்பிட உட்கார்ந்தோம். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே தின்றேன். சாம்பிளை மேசையில் வைத்ததுதான் தாமதம், பக்கத்து மேசைக்காரர் எடுத்துப் பார்த்தார். அவரிடமிருந்து கல்லாக்காரர் வாங்கினார். டீ மாஸ்டர் கையைத் துடைக்காமலே வாங்கிப் பார்த்து, இது டீவியினுடையது என்றார். நாலு கை மாறி என்னிடம் திரும்பியபோது பச்சைத் தகடு முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. அப்போது போன் அடித்தது.

“காக்கா, எங்க நிக்கிறீங்க?”

“வந்துட்டன் புள்ள. பத்து நிமிசம்.”

“பத்து மணியில இருந்து பத்து நிமிசமாத்தான் நிக்குது. உங்கிட மணிக்கூட்டுக்கும் ரேம் காணாதுபோல.”

கல்லாக்காரர்தான் காரைதீவில் சுஜிந்தனைச் சொன்னார். பழைய மெஷின்களை வாங்கிக் கழற்றி விற்பவர். போனபோது கடை மூடியிருந்தது. சாப்பிடப் போயிருக்கிறார், இப்போது வருவார் என்றார்கள். நான் கடை வாசலில் நடந்தேன். றஸ்மி மோட்டார் சைக்கிளின் மேல் தூங்கினான். ஒரு மணித்தியாலமும் கால் மணியும் ஆனபிறகு சுஜிந்தன் வந்தார். சாம்பிளை ஒரு தடவை பார்த்தார். மூன்று சோப்புப் பெட்டிகளைக் கிளறி ஒரு தகட்டை எடுத்து என் தகட்டின் பக்கத்தில் வைத்தார். அதே நீளம். அதே வெட்டு, மயிரிழை பிசகவில்லை. எட்டு ஜிபி.

“இது சேவர் மெஷின் ஒண்டில கழட்டினது தம்பி. உங்கட டெஸ்க்டொப்பில ஓடுமோ தெரியா. ஓடாட்டிக் கொண்டு வாங்க, மாத்தித் தாறன்.”

போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்ததால் அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. ஏறிய பாதியையும் நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன்: சேவர், அதாவது சர்வர், பெரிய மெஷின். பெரிய மெஷினில் ஓடியது சின்ன மெஷினில் ஓடாமல் எங்கே போகும்?

வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்றரை. ஸம்றா செத்துப்போன திரைக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். மூன்று டிசைன்களையும் கொப்பித் தாள்களில் பென்சிலால் பிரித்து வரைந்து முடித்திருந்தாள். கணினி மட்டும்தான் பாக்கி. கையை நீட்டினாள். இரண்டு தகடுகளையும் கொடுத்தேன்.

ஒரு பார்வைதான்.

“இது வேற.”

“எப்பிடி வேற? நீளம் சரி. வெட்டு சரி. அளந்து பாத்துத்தான் வாங்கினன்.”

“பழசுல ஒரு பக்கத்துல எட்டுக் கறுப்புக் கட்டம். இதுல ஒம்பது. நடுவுல இன்னொரு குட்டிக் கட்டம்.”

நாற்பதாயிரம் தையலில் ஒன்று பிசகினாலும் கண்டுபிடிக்கிறவளிடம் நான் சொன்னேன், “கூட இருந்தா நல்லம்தானே.”

போட்டேன். சுவிட்சை அமத்தினேன். பெட்டி மூன்று முறை நீளமாகக் கத்தியது. பள்ளம் மாற்றிப் போட்டேன். மூன்று முறை கத்தியது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். அதற்கும் மூன்று முறைதான்.

“பழசப் போடுங்க,” என்றாள் ஸம்றா.

பழையதைத் தனியாகப் போட்டேன். அதுவும் கத்தியது.

அந்த நேரம் என் முகம் எப்படியிருந்தது என்று தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாள் வேலை முழுவதும் என் சட்டைப்பைக்குள் அரை நாள் சுற்றிவிட்டு வந்து செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல “வோல்டேஜ்” என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஸம்றா தகட்டைப் பிடுங்கி மூக்கில் வைத்தாள்.

“ரோல்ஸ் திண்டீங்களா?”

நான் விரல்களைச் சட்டையில் துடைத்தேன்.

“இத வெச்சா திண்டீங்க?”

பென்சில் கிடந்த டப்பாவிலிருந்து அழிறப்பரை எடுத்தாள். தகட்டின் அடியிலுள்ள பொன்னிறக் கீற்றுகளை ஒரு பக்கம், மறுபக்கம் என்று தேய்த்தாள். எண்ணெயும் வியர்வையும் கறுப்புத் திரியாக உருண்டு விழுந்தன. ஊதினாள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பள்ளத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அமத்தினாள். நான் அந்த ‘டக்’கை ஒருமுறையும் கேட்டிருக்கவில்லை.

திரை வந்தது. மணி நாலு பத்து.

அவள் வேலையில் இறங்கினாள். நான் அறைக்குள் நடந்தேன். முற்றத்துக்குப் போனேன். திரும்பி வந்தேன். உம்மா தந்த தேத்தண்ணீரை ஆறவிட்டு, ஆறியதைக் குடிக்காமல் வைத்தேன். கழுத்துத் துண்டு முடிந்து பத்தாவது போனது. இரண்டு கைகளும் பொருந்திப் பதினொன்றாவது போனது. பன்னிரண்டாவதில் கணினி நின்று யோசித்தது. ஸம்றா அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவள் அதட்டவுமில்லை, மவுஸைத் தட்டவுமில்லை. நான்தான் பல்லைக் கடித்தேன்.

மஹ்ரிப் பாங்கு சொன்னபோது கடைசிப் பூங்கொடியில் பாதித் தையல்தான் விழுந்திருந்தது.

பன்னிரண்டாவது போய்ச் சேர மேலும் முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. ஹப்ஸாவின் குரல் செய்தி இஷாத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. ஸம்றா எல்லோருக்கும் கேட்க வைத்தாள்.

“வேல துப்பரவா இரிக்கி தங்கச்சி. ஆனா கடைசி சுணங்கிட்டு. பெருநாள் வேலயில பாதிய உங்களுக்குத் தாறன். மத்தப் பாதிய கொழும்புப் புள்ளைக்குக் குடுக்கிறன். இத நேரத்துக்குத் தந்தா மறுகா பாப்பம்.”

உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஸம்றாவும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் காலையில் சொன்னபடி நான் விட்டிருந்தால் அசறுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் முடிந்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லாததை நான் இரண்டு நாள் காதில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளி ஜும்மா. சனிக்கிழமை காலை, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெட்டியின் திறந்த பக்கத்தில் போனைப் பிடித்து உள்ளே ஒரு படம் எடுத்தாள். மதர்போட்டில் எழுதியிருந்த எண்ணை இணையத்தில் தேடி, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அதைச் செய்தவர்களே போட்டிருந்ததை வாசித்தாள். பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதி என்னிடம் நீட்டினாள்: டிடிஆர் த்ரீ. நீளமானது. எட்டு ஜிபி. சேவருக்குரியது வேண்டாம்.

அதன் கீழே, பக்கத்துக்கு எட்டுக் கட்டம் போட்ட ஒரு சின்னப் படம்.

“இந்தத் தாள மட்டும் கொண்டு போங்க. திருப்புளி எங்க?”

திருப்புளியைக் கொடுத்தேன். அவள் அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள்.

காரைதீவில் சுஜிந்தன் ஒன்பது கட்டத் தகட்டைப் பேசாமல் வாங்கிச் சோப்புப் பெட்டியில் போட்டார். தாளை வாசித்தார். படத்தை விரலால் எண்ணினார். பிறகு, எங்கள் பகுதியில் எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

“சாம்பிள் எங்க தம்பி?”

“அது வீட்ட வேல செய்யுது அண்ணன்,” என்றேன்.