அளவுச் சட்டை

"யாரு சட்டையம்மா போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் கேஷிகா.

ஆறு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த தாயின் கை தோளருகே வந்தபோது, மெலிந்த கையைச் சுற்றி ரவிக்கைத் துணி தொங்கி ஆடியதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"என்னோடதுதான். வேற யாரோடது? ஆடாம நில்லு," என்றாள் பரிமளம். பின்னல் கோணிக்கொண்டு போயிற்று.

கொட்டகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். கொழுந்தை நாளுக்கு மூன்று தடவை தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள். பறிக்கிறவளை நிறுத்துப் பார்க்க யாருமில்லை. தன் உடம்பு கரைவதை அவளுக்குச் சொன்னவை அவளுடைய துணிகள்தான். ஆவணியில் பாவாடை நாடா நீண்டது. புரட்டாசியில் ரவிக்கைகள் தொளதொளத்தன. புருஷன் வீரய்யா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்ட மலைக்குப் போன நேரம் பார்த்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் பிடித்து ஊசி நூலால் ஓட்டினாள். இரண்டு வாரத்தில் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

வீரய்யாவின் தங்கைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சட்டை பெரிதாயிற்று, பிறகு இருமல். சயரோகம் என்று கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் அந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் இவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தனக்கும் அதுவானால் கேஷிகாவோடு எந்தப் பிள்ளை விளையாடும்? பரிமளத்துக்கு இன்னும் இருமல் வரவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் மூச்சை ஆழ இழுத்துப் பார்ப்பாள், வந்துவிட்டதா என்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள். போகாதவரை அதற்குப் பெயரில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் தனியாக ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள். வழக்கமாக வாங்கும் புடைவைக் கடையில், சேலை எடுத்துப் போடும் சுமன் நைலக்ஸில் நாலைந்தை விரித்தான்.

"இது ஒடம்போட ஒட்டும். வேணாம். வெறைப்பா நிக்கிற மாதிரி காட்டுங்க. பூவும் பெருசா இருக்கணும்."

"அக்கா, வர்றவங்க எல்லாரும் ஒல்லியாத் தெரியணும்னு கேக்கிறாங்க. நீங்க ஒருத்திதான் குண்டாத் தெரியணும்னு கேக்கிறீங்க. கூடாரத் துணி இருக்கு, போடவா?"

சிரித்துவைத்தாள். மொடமொடப்பான பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, கடையின் பக்கத்துச் சந்துக்குத் திரும்பினாள். அங்கே மாடிப்படிக்கு அடியில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால், சண்முகவடிவு மெஷின் போட்டிருந்தாள். ஐம்பது வயது. தோட்டத்துப் பெண்கள் பாதிப்பேருக்கு அவள்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள்.

தைக்கக் கொடுக்கும்போது பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுப்பது வழக்கம். எதைக் கொடுப்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் பரிமளம் கலங்கிக்கொண்டிருந்தாள். பிடித்துத் தைத்ததைக் கொடுத்தால் தானே ஒப்புக்கொண்டது போலாகும். அதனால் பெட்டியின் அடியில் மறந்து கிடந்த, பிடித்துத் தைக்காத பழைய ரவிக்கையைக் கொண்டு வந்திருந்தாள்.

வடிவு அதை விரித்துப் பார்த்தாள். பிறகு பரிமளத்தைப் பார்த்தாள்.

"ஒனக்குச் சட்டை தைக்கவா, தலகாணிக்கு ஒறை தைக்கவா?"

"அந்த அளவுதாங்க்கா."

"கைய ஒசத்து."

அளவு நாடா மார்பைச் சுற்றி வந்தது. பரிமளம் கண்ணை மூடிக்கொண்டாள். வடிவு அளவு எடுத்தால் இலக்கத்தை உரக்கச் சொல்லித்தான் எழுதுவாள். வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும். இன்று ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக் கொப்பியை மூடினாள்.

"தண்ணி தவிக்குதா ஒனக்கு?"

பரிமளம் கண் திறந்தாள். மலையில் எந்தப் பீலியில் தண்ணீர் விழக் கண்டாலும் வாய் வைத்துக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதற்கும் சட்டைக்கும் என்ன?

"ராவுல அடிக்கடி எந்திரிச்சு வெளிய போறியா?"

"போறேங்க்கா. ஒங்களுக்கு எப்புடி…"

"எனக்கும் பாவாடை நாடா இடுப்பை ரெண்டு சுத்து சுத்துச்சு. நானும் அந்த வியாதின்னு நெனச்சுப் பயந்து மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லல. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நாளைக்கு வர்றேங்க்கா."

"நீ நாளைக்கு வரமாட்ட."

தைக்க வேண்டிய தீபாவளித் துணிகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. வடிவு அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் மெஷினை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பரிமளம் மனதுக்குள் மாரியம்மனை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் முதுகில் குழாய் வைத்து மூச்சு இழுக்கச் சொன்னார். எங்கே இருமிவிடுவோமோ என்று அவள் பாதி மூச்சுத்தான் இழுத்தாள். "இன்னும், இன்னும்," என்றார். பிறகு நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைக் கலந்து நெருப்பில் காட்டினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

நர்ஸ் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். வடிவு சிங்களத்திலேயே கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சீனி வியாதி. நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம். மாசாமாசம் வந்து மாத்திரை எடுக்கணும், சீனித் தேத்தண்ணிய விடணும். எனக்கும் அதேதான். பதினோரு வருஷமா இருக்கேனே."

பரிமளம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வியாதி இருக்கிறது என்று கேட்டு அம்மனுக்கு நன்றி சொன்னவள் அந்த வரிசையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்று மாலை வீரய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான்.

"நீ சட்டையப் புடிச்சுத் தைக்கிறத அப்பவே பாத்துட்டேன் புள்ள. கேக்கத்தான் பயமா இருந்துச்சு," என்றான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ரவிக்கை வாங்கப் போனபோது, கடை வாசலில் சுமன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அன்னைக்கு வடிவக்கா ஒங்களோட போனாங்களே, அதுல தையல் வேலையெல்லாம் பின்தங்கிப் போச்சு. விடியவிடிய உக்காந்து கொக்கி தச்சாங்க. கண்ணு ரெண்டும் செவந்து போச்சு."

வடிவிடம் கேட்டதற்கு, "அவனுக்கு வேற பேச்சு இல்ல," என்றாள். "ஒன் ஒடம்புக்கு அளவாத்தான் தச்சிருக்கேன். உள்ளுக்கு நாலு விரல் துணி விட்டிருக்கு. தேறி வந்ததும் பிரிச்சு விட்டுக்க."

மனிதருக்கு மனிதர் செய்யும் உதவி பெரும்பாலும் இப்படி உள்தையலில்தான் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. பரிமளம் ஏதாவது சொல்ல நினைத்தாள். அதற்குள் அடுத்தவள் அளவுக்குக் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

மாசியில் ஒரு விரல் பிரித்தாள். பங்குனியில் இன்னொரு விரல். தாகம் அடங்கியது. காலையில் மூச்சை இழுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் சில நாள் நீடித்து, அதுவும் தானாக விட்டுப்போயிற்று.

சித்திரை வருடப் பிறப்புக்கு மூன்று நாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பரிமளம் சந்துக்குள் நுழைந்தாள். திரைக்குப் பின்னால் வடிவு இல்லை. மெஷின் மூடிக் கிடந்தது. சந்து முனையில் பூ விற்கிறவள், "வடிவக்காவா? கண்ண டாக்டருக்குக் காட்டப் போயிருக்கு. பொழுதுபடத்தான் வரும்," என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் போனாள்.

பரிமளம் திரையை விலக்கி மறுபடி பார்த்தாள். ஒரு பெரிய பேசினில் தைத்து முடிந்த ரவிக்கைகள் கிடந்தன. ஒன்றிலும் கொக்கி இல்லை. கொக்கிகள் பக்கத்தில் ஒரு பால்மா டின்னில் இருந்தன.

இரண்டு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் திரையை இழுத்து மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொழுந்து பறித்துக் காய்த்த விரல். ஊசி எளிதில் குத்தவில்லை. ஒரு ரவிக்கைக்கு ஆறு கொக்கி, எதிரில் ஆறு வளையம். பல்லால் நூலைக் கடித்து, முடிச்சுத் தெரியாமல் உள்ளே தள்ளினாள். யாரோ ஒருத்தியின் பச்சை ரவிக்கை, யாரோ ஒரு கலியாணப் பெண்ணின் சிவப்பு, தோள் அகன்ற ஒரு கிழவியின் வெள்ளை. எட்டாவதை முடித்தபோது சந்தில் வெயில் இறங்கியிருந்தது.

எல்லாவற்றையும் கொக்கி மாட்டி, மடித்து, பேசினில் அடுக்கினாள். ஊசியை நூல் கட்டையில் குத்திவைத்தாள். சந்தில் யாரும் இல்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.