மேரி பார்ப்பாள், நான் எழுதுவேன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கல்லூரி ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது சாக்கு. என் அறைத்தோழி அடைக்கலமேரியைக் கதைக்குள் இழுத்துப் போட்டு நாலு சாத்து சாத்த வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நேரில் செய்ய முடியாததை எழுத்தில் செய்துகொள்ளலாம் அல்லவா?

தொடக்கம் மூன்று முறை மாறியது.

"கோட்டைப்பட்டினத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த மேரி..." (அடித்துவிட்டேன். அவள் அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. ஆலங்குடியில் தேங்காய் வியாபாரம் பார்க்கும் என் அப்பாவைவிட வசதி. அந்த எரிச்சலும் எனக்கு உண்டு.)

"கர்வம் பிடித்த ஒரு மாணவி..." (இதையும் அடித்தேன். அவளுக்குக் கர்வம் கிடையாது. இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!)

"இருட்டறையில் இரண்டு பெண்கள்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

திருச்சியில் ஒரு கல்லூரி, இயற்பியல் மூன்றாம் ஆண்டு. முதல் வருஷத்திலிருந்தே லேபில் நானும் மேரியும் ஜோடி. லேபின் இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. நடுவில் கண்ணாடிப் பட்டகம், ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் சின்ன டெலஸ்கோப். பட்டகத்தில் நுழைந்த ஒளி எத்தனை டிகிரி வளைந்து வெளியே வருகிறது என்பதை அடியிலுள்ள வட்ட அளவுகோலில் படிக்க வேண்டும். மேரி கண்ணை வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்வாள். நான் எழுதிக் கணக்குப் போடுவேன்.

"ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு அமுதா, நீயே எழுதுடி" என்று முதல் நாள் சொன்னாள். பூரித்துப் போனேன். அந்த ஒரு பாராட்டை வைத்து என்னை மூன்று வருஷம் குமாஸ்தாவாக்கிவிட்டாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. (வேண்டுமென்றே செய்தாளா? இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.)

[தேர்வில் தனித்தனியாகத்தானே செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். தேர்வில் சீட்டுக் குலுக்கி எடுக்கும்போது எங்கள் இருவருக்கும் இந்தக் கருவி விழுந்ததே இல்லை.]

போன வாரம் ஆத்மநாதன் சார் எங்களைக் கூப்பிட்டார்.

"சென்னையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல லீவுக்கு ரெண்டு மாசம் வேலை செய்யலாம். நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல தனித்தனியா செஞ்சு காட்டுங்கம்மா. விடை யாருக்குச் சரியா வருதோ அவங்க போகட்டும்."

சொல்லும்போது அவர் மேரியைத்தான் பார்த்தார். எனக்கு அந்தச் சென்னை வேண்டும். மேரிக்கு அது கிடைக்கக் கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்காதீர்கள்.

3

நேற்று சனிக்கிழமை. லேபைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"வாடி, ஒனக்குப் பாக்கக் கத்துத் தாரேன்" என்று மேரி கையைப் பிடித்து இழுத்துப்போனாள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு.

"கண்ண இடுக்காத. ரெண்டு கண்ணையும் தொறந்தே வச்சுக்க, வலிக்காது. இப்ப பட்டகத்த லேசா திருப்பு. கோடு தெரியுதா?"

"தெரியுது."

"அது அங்கிட்டு நகந்துக்கிட்டே போகும். திடீர்னு நின்னு இங்கிட்டு திரும்பிரும். அந்த நிக்கிற எடத்துலதான் ரீடிங். அவசரப்பட்டா தவற விட்டுருவ."

மஞ்சள் கோடு நகர்ந்தது, நின்றது, திரும்பியது. மூன்று வருஷமாக இவள் தினம் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்களை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. விளக்கு கண்ணைக் கூசுகிறது என்றேன்.

"திங்கக்கிழமை கலக்கிருவடி" என்றாள். மனசாரச் சொன்னாள். (இந்த இடத்தில் அவள் முகத்தில் ஒரு கள்ளத்தனத்தைச் சேர்க்கப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

4

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டாள். நான் கொடுக்காதது ஒன்று இருக்கிறது.

வட்ட அளவுகோல் 360 வரை போய், மறுபடி சுழியில் தொடங்கும். டெலஸ்கோப்பைத் திருப்புகிற வழியில் சில நாள் அந்தச் சுழி குறுக்கே வரும், சில நாள் வராது. வந்தால், சுழியைத் தாண்டிய எண்ணோடு 360-ஐக் கூட்டிவிட்டுத்தான் தொடக்க எண்ணைக் கழிக்க வேண்டும். 338-இல் தொடங்கி 17-இல் முடிந்தால் வளைவு 39 டிகிரி. கூட்டாமல் கழித்தால் 321 என்று வரும்.

மேரிக்கு இது தெரியாது. எண்ணைச் சொல்வதோடு அவள் வேலை முடிந்தது. கூட்டியது, கழித்தது எல்லாம் நான். நாளை 321 வந்தால் கணக்கைச் சந்தேகிக்க மாட்டாள். தன் கண்ணைத்தான் சந்தேகிப்பாள். மறுபடி பார்ப்பாள், மறுபடியும் 321 வரும். மணி அடித்துவிடும்.

ஒரே வரிதான். காலையிலிருந்து சொல்ல வாய் வரவில்லை.

5

முடிவுகள்:

சுழி குறுக்கே வருகிறது. மேரி தோற்கிறாள். நான் சென்னைக்கு... (எழுதும்போது இனித்தது. படித்துப் பார்த்ததும் அடித்துவிட்டேன்.)

நானும் பதற்றத்தில் கோட்டைத் தவறவிட்டு இருவரும் தோற்கிறோம். (எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதை. இதுகூட எனக்குப் பிடித்திருந்தது, பாருங்கள்.)

நான் சொல்லிவிடுகிறேன். மேரி என்னைக் கட்டிக்கொண்டு... (கல்லூரி மலருக்குப் பொருத்தம். ஆனால் அப்படிச் சொன்னவள் நான் இல்லையே.)

6

இன்று ஞாயிறு. விடுதியில் பிரியாணி முடிந்து எல்லோரும் தூங்குகிறார்கள். மேரி மட்டும் எதிர்க்கட்டிலில் விழித்திருக்கிறாள்.

"போன்ல என்னடி டைப் பண்ணிக்கிட்டே இருக்க?"

"கதை."

"நான் வாரேனா?"

"வார."

"அப்ப படிச்சுக் காட்டு. நல்லவளா, கெட்டவளா?"

எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். முதல் மூன்று பகுதிகளையும் படித்துக் காட்டிவிட்டேன். பொறாமையை மறைக்கவில்லை. கர்வம் இல்லை என்ற இடத்தில் சிரித்தாள். "ஏன்டி, ஒனக்கு எம்மேல இம்புட்டு எரிச்சலா?" என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

"ம், மேல படி."

"இருடி, ஒரு பத்தி பாக்கி இருக்கு" என்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவினாலும் அவளுக்குத் தெரியாது. அவள் கேட்பவள், எழுத்து என் கையில் இருக்கிறது. ஐந்தில் இரண்டு வாக்கியத்தை மாற்றிப் படித்தால் போதும்.

நீங்கள் நான்காம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் இப்போது எதைப் படிப்பீர்கள்? நல்லவர் மாதிரி உடனே பதில் சொல்லாதீர்கள். நாளை காலை நீங்களும் அந்த இருட்டறைக்குள் போக வேண்டும், இடம் ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சீக்கிரம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.