நெற்றிக் கோடுகள் குடிபோன விவரம்

புகார்ப் பிரிவில் உட்காரும் அம்மாளின் நெற்றிக் கோடுகள் மூன்றும், சுருக்கம் போக ஊசி போட்ட நாலாம் நாள், வீட்டு ஜன்னல் திரைச்சீலையில் போய் ஒட்டிக்கொண்டன. இஸ்திரி போட்டும் போகவில்லை. மின்சார அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் அடுத்தவர் புகாரைக் கேட்டுக் கேட்டே விழுந்த கோடுகள் அவை. வந்தவர்களோ, இந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே பேசுகிறார் என்று அவர் மேலேயே புகார் எழுதிப் போட்டார்கள். அதனால்தான் தோல் டாக்டரம்மாவிடம் போனார். ஊசிக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தவர் கணவர். ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவர் முகத்தின் இடப்பாதி அசைவற்றுப் போனது. படம் பிடித்துக்கொள்ள வந்த குழந்தைகள் அவரைக் கண்டு வீறிட்டு அழ, ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

முதல் மருந்தின் வேகம் மூன்று மாதத்தில் தீர்ந்து, கோடுகள் திரைச்சீலையை விட்டு நெற்றிக்கே திரும்பின. டாக்டரம்மா மாற்றிப் போட்ட இரண்டாவது மருந்து வேலை செய்யவே பத்து நாள் எடுத்துக்கொண்டது. ஒரு புருவத்தையும் கீழே சரித்தது. கோடுகள் பக்கத்து வீட்டுக்காரரின் புது ஸ்கூட்டர் சீட்டில் தென்பட, அதை விற்ற கடைக்காரரோடு அவர் மல்லுக்கு நின்றார். மூன்றாவது மருந்து இரண்டே நாளில் பிடித்தது. அன்று காலை, ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவர் முகம் சுளித்தார். இரண்டு பக்கமும் சுளித்தார். அம்மாள் அவருடைய இடது புருவத்துக்கு மேலே தன் மூன்று கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்படி ஒரு முழுக் கோபத்தை அந்த முகத்தில் ஆறு வருஷமாக அம்மாள் கண்டதில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நெற்றி மட்டும் அசையவில்லை.

சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்று டாக்டரம்மா சீட்டில் குறித்துக்கொண்டார். இந்த மருந்து ஆறு மாதம் தாங்கும், பிறகு கோடுகள் திரும்பிவிடும், மறுபடி போட வேண்டும் என்றார். கோபம் மட்டும் போதாது என்று அம்மாள் கண்ணோரத்துச் சிரிப்புக் கோடுகளையும் எடுத்துவிடச் சொன்னபோதுதான் அவர் தயங்கினார்.

"அது வேண்டாம்மா. அப்புறம் நீங்க சிரிச்சாலும் கண்ணு சிரிக்காது."

"வீட்ல இருக்கறது ரெண்டே பேரு டாக்டர். கண்ணால சிரிக்க ஒருத்தர் போதும்."

அந்த ஊசியும் போட்டு இரண்டு நாள் கழித்துக் கணவர் கண்ணாடி முன் நின்று, இரண்டு கண்ணோரமும் சுருங்கச் சிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது உன் சிரிப்பும்மா" என்றார்.

"உங்களுக்குத்தாங்க நல்லா இருக்கு. வச்சுக்கோங்க."

அவர் ஸ்டூடியோ சாவியைத் தேட ஆரம்பித்தார்.

ஸ்டூடியோ இப்போதும் நடக்கிறது. குழந்தைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அம்மாளுக்கு மறுபடி போட்ட மருந்து பிடிக்கிறவரை, இரண்டு நாள் மூடியிருக்கும். வாடிக்கையாளர்கள் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வருகிறார்கள்.